பெட்ரோல் பங்க்கின் பம்புக் கம்பிகளும் அண்டைக் கிணறுகளும்

தாம்பரத்தினின்று பெருங்களத்தூர், வண்டலூர் மார்க்கமாகத் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும், மேற்கே முடிச்சூர், மணிமங்கலம், படப்பை ஆகிய ஊர்களுக்குப் பிரியும் சாலைகளிலும், கிழக்கே சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கங்களிலும் பெட்ரோல் பங்க்குகள் பல ஏற்பட்டுள்ளன. அவற்றைச் சுற்றி இன்னமும் கிணறுகள் இருக்கின்றன. சிலவற்றைக் கொண்டு கீரையும் நெல்லும் சாகுபடியாகின்றன. பலவற்றின் ஜலம் வீடுகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் போகின்றது.

விவசாயப் பத்திரிகையில் பெட்ரோல் பங்க்கின் மின்சாரக் கம்பிகளைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் வினவலாம். காரணம் மூன்று. பங்க்கில் பூமிக்கடியில் ஒழுகும் எண்ணெய் முதலில் போய்ச் சேருமிடம் அண்டையிலுள்ள கிணறே. சாலையோர நிலத்தை எண்ணெய்க் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுமாறு நம் குடியானவர் பலரிடம் கேட்கப்படுகின்றது. அன்றியும், ஐ.டி.ஐ.யில் மின்சாரத் தொழில் பயின்ற நம் கிராமத்துப் பிள்ளைகள் பலர் இத்தகைய வேலைக்கே போகின்றனர். கசிவைக் கண்டறியும் கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனைப் பம்போடு பிணைக்கும் கம்பி தவறாயிருந்தால் அக்கருவி சுவரில் மாட்டிய படத்திற்குச் சமானமே. ஆகையால் கம்பியின் சங்கதியை அனைவரும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

இது வீண் பயமன்று. 2013-ஆம் ஆண்டில் வடசென்னைத் தண்டையார்ப்பேட்டையில் வீடுகளின் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஜலத்தோடு எண்ணெய் வரலாயிற்று. துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டுவந்த நிலத்தடிக் குழாய் ஒன்றின் கசிவே காரணமெனப் பின்னர் கண்டனர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. அங்குக் கசிந்தது பெரிய குழாய், பங்க்கின் குழாயன்று. ஆயினும் கவனிக்க வேண்டியது யாதெனில், கசிவை முதலில் அறிவித்தது யாதொரு கருவியுமன்று, குடியிருப்போரின் குடமும் மூக்குமே. கிணறு அறிவிக்கும்வரை காத்திருத்தல் கூடாது என்பதற்காகவே பங்க்குகளில் கசிவு காட்டும் கருவிகளை வைக்கின்றனர்.

நம் பக்கத்துப் பூமியின் தன்மை இவ்விஷயத்தில் நமக்கு அனுகூலமானதன்று. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கருங்கல், கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல்லும் அதே இனமாயிருத்தல் பற்றி, 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற பூதத்துவ நிபுணரால் சார்னோக்கைட் எனப் பெயரிடப் பெற்றது. அக்கல்லே தாம்பரம் வட்டாரத்திற்கும் அடிப்பாறை. மேலே மக்கிய பாறையும், கீழே வெடிப்புகளும் உள்ளன. மணற்பாங்கான நிலத்தில் எண்ணெய் மெள்ளப் பரவும். வெடிப்புள்ள பாறையிலோ எந்தப் பக்கம் போகும், எவர் கிணற்றில் தோன்றும் என்று மேலிருந்து கூறல் அரிது. அருகிலுள்ள கிணறு தப்பி, அப்பாலுள்ள கிணறு கெடுதலும் உண்டு. பெட்ரோலும் டீசலும் நீரினும் இலேசானவை, நீரின்மேல் மிதப்பவை. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உடன் இறங்கி மண்ணில் ஒட்டிக்கொண்டு, ஐப்பசி மழையில் மட்டம் ஏறும்போது மறுபடியும் மேலே வரும். வாடை போய்விட்டது, கிணறு சுத்தமாகிவிட்டது என்று பங்குனியில் மகிழ்ந்தவர் கார்த்திகையில் ஏமாறுவர்.

அளவையும் சிறிது நோக்குவோம். நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் என்னும் நச்சுப்பொருள் நூற்றுக்கு 1 பாகம் வரை இருக்கலாமென்பது விதி. குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலிலுள்ள பென்சீன் எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீரை அவ்வரம்பிற்குக் கொண்டுவரப் போதுமானது. மணிக்கு முக்கால் லிட்டர் வீதம் ஓயாது கசியும் ஒரு குழாய் வருஷத்தில் ஆறாயிரத்தைந்நூறு லிட்டருக்கு மேல் பூமிக்குள் விடும்.

தினந்தோறும் கோலிட்டு அளந்தால் இது தெரியாதா என்று கேட்பதுண்டு. பெருங்கசிவு தெரியும், சிறு கசிவு தெரியாது. பெட்ரோல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 20,000 லிட்டர் கொண்ட தொட்டியில் உஷ்ணம் ஒரு டிகிரி செல்ஷியஸ் தாழ்ந்தாலே சுமார் 24 லிட்டர் குறைந்ததுபோல் தோன்றும். அக்குறைவில் ஒரு நாளைய 18 லிட்டர் கசிவு மறைந்துவிடும். ஆதலால் கோலும் இருப்புப் புத்தகமும் வேண்டியவையே. ஆனால் அவை மாத்திரம் போதா.

இருவகைப் பம்புகள்

நம் விவசாயிகள் இதனை எளிதில் அறிந்துகொள்வர். கிணற்றிலேயே இவ்விரு வகையும் உள்ளன. மேட்டில் வைத்த சென்ட்ரிபியூகல் பம்பின் உறிஞ்சுகுழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே புகும். நீர் புட்வால்வு பக்கம் இறங்கிவிடும். பம்பு நீர் தள்ளாது. குடியானவனுக்கு உடனே தெரிந்துவிடும். கிணற்றுக்குள் இறக்கிய நீர்மூழ்கிப் பம்பின் குழாயில் ஓட்டை விழுந்தாலோ, பம்பு பாட்டிற்கு ஓடும். நீரின் ஒரு பங்கு வழியிலேயே பீறிட்டு வீணாகும்.

பங்க்குகளிலும் அவ்வாறே. வண்டிக்கு எண்ணெய் ஊற்றும் டிஸ்பென்சர் யந்திரத்திலேயே பம்பு இருந்து தொட்டியிலிருந்து உறிஞ்சுவது ஒருவகை. தொட்டிக்குள்ளேயே பம்பை மூழ்கவைத்து, அங்கிருந்து பல டிஸ்பென்சர்களுக்கும் தள்ளுவது மற்றொரு வகை. பின்னதில் குழாய் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தத்தில் இருப்பதால், துளை விழுந்தால் எண்ணெய் வெளியேதான் பாயும். கசிவு காட்டும் கருவி இதற்கே அவசியமாகின்றது.

அக்கருவி வேலை செய்யும் விதம் வருமாறு. வாடிக்கைக்காரருக்கு ஊற்றுவதற்காகக் குழாய்மூக்கை எடுத்தவுடன், அதன் கொக்கியிலுள்ள விசை ஒரு சமிக்ஞை அனுப்பும். அச்சமிக்ஞை கட்டிடத்திற்குள் இருக்கும் ரிலேயை இழுக்கும். ரிலே பம்பின் மோட்டாருக்கு மின்சாரம் விடும். பம்பு கிளம்பும் அந்தக் கணத்திலே குழாய்வழியின் தலையிலுள்ள கசிவுக்கருவி சில விநாடிகள் சிறிதளவே எண்ணெய் விட்டுச் சோதிக்கும். குழாய் இறுக்கமாயிருப்பின் அழுத்தம் ஏறி, முழு ஓட்டம் திறக்கும். எங்கேனும் ஒழுகினால் அழுத்தம் ஏறாது. ஓட்டம் மந்தமாகவே நிற்கும். அமெரிக்க அரசாங்கம் 1988-ல் செய்த விதிப்படி, மணிக்கு 3 காலன், அதாவது 11 லிட்டருக்குச் சற்று அதிகமான கசிவை ஒரு மணி நேரத்திற்குள் இக்கருவி கண்டுபிடிக்க வேண்டும். அழுத்தத்தை மின்சாரத்தால் அளந்து, பம்பு ஓயும் வேளைகளில் இன்னும் நுட்பமாகச் சோதித்து, கசிவு கண்டால் பம்பையே நிறுத்திவிடும் கருவிகளும் உள.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு; கம்பியின் முக்கியத்துவமெல்லாம் அதில்தான் இருக்கின்றது. பம்பு நின்று மறுபடி கிளம்பினாலன்றோ சோதனை நடக்கும்? ரிலேயின் முனை உருகி ஒட்டிக்கொண்டாலும், ஒரு டிஸ்பென்சரின் சமிக்ஞைக் கம்பியில் வேறு வழியாக மின்சாரம் வந்துகொண்டேயிருந்தாலும், பம்பு நிற்காமல் ஓடும். விற்பனைக்கு ஒரு குறையும் தோன்றாது. கசிவுக்கருவியோ காலையில் ஒருமுறை சோதித்ததோடு சரி. மத்தியானம் குழாய் வெடித்தாலும் அது அறியாது. யாரும் ஊற்றாத வேளையில் தொட்டிப் பம்பின் உறுமல் கேட்டுக்கொண்டேயிருந்தால், அது கம்பியில் கோளாறு உள்ளதற்கு அடையாளம்.

கம்பி பிணைக்கும் முறை

வேறு வழியாக மின்சாரம் வருவது எவ்வாறு எனின்: ஒரு பங்க்கில் நாலைந்து டிஸ்பென்சர்கள் வெவ்வேறு பேஸில் இருக்கும், சில ஜெனரேட்டரிலும், சில யு.பி.எஸ். பெட்டியிலும், இப்போது சில இடங்களில் சூரிய மின்சாரத்திலும் ஓடும். இவற்றின் சமிக்ஞைக் கம்பிகளையெல்லாம் ஒன்றாக முறுக்கி ஒரே ரிலேயில் சேர்த்துவிட்டால், ஒரு யந்திரத்தின் மின்சாரம் கம்பிவழியே பின்னோக்கி மற்றொரு யந்திரத்திற்குள் புகும். பழுது பார்ப்பவர் தமது யந்திரத்தின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, இனி பயமில்லையென்று கை வைப்பார்; அண்டை யந்திரத்தில் வாடிக்கைக்காரர் மூக்கை எடுத்தமாத்திரத்தில் இவருக்கு அதிர்ச்சி தாக்கும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் அதிர்ச்சியைக் காட்டிலும் அப்போது தெறிக்கும் பொறி கொடியது.

ஆகவே ஒவ்வொரு டிஸ்பென்சரின் சமிக்ஞைக்கும் தனித்தனி ரிலே வேண்டும். வரும் மின்சாரமும் போகும் மின்சாரமும் ஒன்றையொன்று தொடாமல், காந்தத்தின் இழுப்பினால் மாத்திரம் செய்தி கடக்கும்படி இருத்தல் வேண்டும். அணைக்கும் விசையும் பேஸை மட்டும் துண்டிப்பதாயிராமல் நியூட்ரலையும் உடன் துண்டிப்பதாக இருக்கவேண்டும். பலர் நியூட்ரலில் என்ன இருக்கிறது என்பர். பொதுவான நியூட்ரலில் மற்ற யந்திரங்களின் மின்சாரம் திரும்பிக்கொண்டிருக்கையில் அதைக் கழற்றினால் பொறி பறக்கும். வீட்டு வேலையில் அது சிறிய விஷயம், பங்க்கின் குழியில் சிறிதன்று.

குழி என்றதனால் அதனையும் சொல்லவேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, பள்ளத்தில் தேங்கும். காற்றில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பாகமளவு கலந்தாலே தீப்பற்றும். பூஜ்யத்திற்கு 40 டிகிரி கீழேயும் பெட்ரோல் ஆவியை விடும் என்றால் நமது சித்திரை வெயிலில் கேட்பானேன்? இதனால்தான் இந்திய தர நிர்ணயம் 5572 என்ற விதித்தொகுப்பு இத்தகைய இடங்களை வகைப்படுத்தி வைத்துள்ளது. தொட்டிக்குள் ஆவி எப்போதும் உண்டு. தரைமட்டத்திற்குக் கீழுள்ள பம்புக்குழியில் அடிக்கடி ஏற்படக்கூடும். அதற்கு வெளியே எப்போதோ ஒருமுறை வரலாம். முதல் இரண்டிடங்களிலும் சாதாரணக் கடையில் வாங்கிய பெட்டியோ, சுவிச்சோ, டேப் சுற்றிய முடிச்சோ அறவே கூடாது. தீயை உள்ளேயே அடக்கும் கனத்த பெட்டிகளையும் அவற்றிற்குரிய கிளாண்டுகளையும் உபயோகிக்க வேண்டும். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்ற வகையா என்று பார்த்தே வாங்கல் வேண்டும்.

சென்சார்களின் கம்பி வேறு ஜாதி. குழியில் திரவம் சேர்ந்தால் அறிவிக்கும் சென்சாருக்கும், தொட்டியின் மட்டம் காட்டும் கோலுக்கும், பொறியே உண்டாக முடியாத அளவுக்கு மிகச் சொற்ப மின்சாரமே தடுப்புக்கருவி ஒன்றின் வழியாக விடப்படுகிறது. இக்கம்பிகளைப் பம்பின் பெருங்கம்பிகளோடு ஒரே குழாயில் இழுத்தால் அந்த ஏற்பாடு முழுவதும் பாழ். ஓரிடத்தில் உறை உரசிப் பெருங்கம்பி சிறுகம்பியைத் தொட்டால் 230 வோல்ட் நேரே தொட்டிக்குள் இறங்கும். இவற்றுக்குத் தனிக்குழாய் போடுதல் வேண்டும்; அடையாளத்திற்கு இளநீல உறையுள்ள கம்பி வழக்கம். கூலியை மிச்சப்படுத்த இரண்டையும் சேர்த்து இழுக்கும் ஒப்பந்தக்காரர் உண்டு. அதை ஒருநாளும் அனுமதிக்கலாகாது. மற்றும், குழியிலிருந்து கட்டிடத்திற்கு வரும் கம்பிக்குழாயின் வாயை அதற்கென்றுள்ள பூச்சால் அடைக்காவிடின் ஆவி குழாய்வழியே ஊர்ந்து ரிலேக்கள் உள்ள அறைக்கே வந்துசேரும்.

எர்த்து விஷயம் எல்லோரும் அறிந்ததே, விரிக்கவில்லை.

கம்பி அறுந்தால் பம்பு நிற்கவேண்டும்

மேற்கூறியவை உயிரைக் காப்பன. இனிக் கூறுவது கிணற்றைக் காப்பது.

நமது பம்புசெட்டு ஸ்டார்ட்டரில் ஒரு காயில் இருக்கின்றது. மின்சாரம் போனால் அதன் பிடி தளர்ந்து விசை விழுந்துவிடும். மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் தானே ஓடாது. கேடு நேர்ந்தால் நிற்றல் என்பதே அதன் கருத்து. ராத்திரியில் எழுந்துபோகச் சோம்பி, அதில் குச்சியைச் செருகி வைப்போரும் நம்மில் உண்டு. அப்படிச் செருகியதனால் எரிந்த மோட்டார்களின் கணக்கைக் காயில் சுற்றுவோரிடம் கேட்டால் சொல்வர்.

பங்க்கின் கசிவுச் சென்சாரையும் இக்கருத்துப்படியே பிணைக்கவேண்டும். சென்சாரின் ரிலே நல்ல நிலையில் எப்போதும் மின்சாரத்தால் இழுபட்டு நிற்கவேண்டும். பம்பின் கட்டுப்பாட்டுக் கம்பி அந்த ரிலேயின் முனைவழியாகவே செல்லவேண்டும். திரவம் கண்டால் ரிலே விழும், பம்பு நிற்கும். சென்சாரின் கம்பியை எலி கடித்தாலும் ரிலே விழும், பம்பு நிற்கும். கண்காணிப்புப் பெட்டிக்கு மின்சாரம் அற்றாலும் அவ்வாறே. இதற்கு நேர்மாறாக, ஆபத்து வந்தால்தான் ரிலே இழுக்கும்படி பிணைப்பதும் உண்டு. அது கம்பி உள்ளவரை சரியாகவே வேலை செய்யும், சோதனையிலும் தேறும். கம்பி அறுந்த நாளிலோ பெட்டி வாய்திறவாது, பம்பு ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டுக்கும் சாமான் ஒன்றே; விலையும் ஒன்றே. ஒரு முனையை மாற்றிப் பிணைப்பதே வித்தியாசம்.

அடுத்தது குச்சி செருகும் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்தில் மழை கொட்டும்போது குழியின் மூடிவழியாக நீர் இறங்கும். சென்சார் தன் கடமைப்படி பம்பை நிறுத்தும். வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, ஹாரன் ஒலிக்கின்றது, சிப்பந்தி என்ன செய்வார்? "வெறும் மழைத்தண்ணிதான் ஐயா" என்று சொல்லி, ரிலேயின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவார். அத்துண்டுக் கம்பி தைப்பொங்கலுக்குப் பின்னும் அங்கேயே இருக்கும். நாலு விரற்கடைக் கம்பியால் பெரும்பொருள் செலவிட்ட ஏற்பாடு முழுவதும் வீணாகின்றது. ஒருவகையில் அச்சிப்பந்தியைக் குறைகூறிப் பயனில்லை. அவர்மீது சுமத்தப்பட்டது விற்பனை, சென்சாரன்று. பரிகாரம் குழியில்தான் உள்ளது: நீர்புகா மூடி, தரைமட்டத்தினின்று சற்று உயர்த்திய விளிம்பு, குழாய் நுழையுமிடங்களில் பழுதற்ற ரப்பர் வளையம். நீரையும் எண்ணெயையும் பிரித்தறியும் சென்சார்களும் கிடைக்கின்றன. மேலும், இப்போதைய பெட்ரோலில் 20 சதம்வரை எத்தனால் சேர்வதால், தொட்டியில் நீர் புகுந்தால் எத்தனால் நீரோடு பிரிந்து அடியில் தங்கிச் சரக்கே கெடும். நீரைக் காட்டும் சென்சார் பங்க்காரருக்கும் உபகாரியே.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை இவ்வூரார் மறக்கமாட்டார். அத்தகைய காலத்தில் நிலத்தடி நீர் தொட்டியை மேல்நோக்கித் தள்ளும். சரக்குக் குறைந்த தொட்டியைக் கிளப்பியும் விடக்கூடும். குழாய்ப் பூட்டுகள் இழுபடும். வெள்ளம் வடிந்தபின் கசிவுச் சோதனை செய்யாமல் பம்பை இயக்குதல் தகாது.

வேலை முடிந்ததும் சோதித்துக் காட்டச் சொல்லவேண்டியவை சிலவே. சென்சாரை எடுத்து ஒரு வாளி நீரில் அமிழ்த்தினால் பம்பு நிற்கவேண்டும். சென்சாரின் கம்பியைக் கழற்றினாலும் நிற்கவேண்டும். இவ்விரண்டாவதைப் பலர் செய்வதில்லை, இதுவே முக்கியம். ஒவ்வொரு டிஸ்பென்சராக எடுத்து வைத்து, கடைசி மூக்கை மாட்டியவுடன் பம்பு ஓய்கிறதா என்று கேட்கவேண்டும். கசிவுக்கருவியை, குழாய்வழியின் கடைக்கோடியில் அளந்த அளவு எண்ணெயை ஒழுகவிட்டு வருஷத்திற்கொருமுறையேனும் பரீட்சித்தல் அவசியம். இவையாவும் லைசென்சு பெற்ற மின்சாரத் தொழிலாளர், எல்லா வழி மின்சாரத்தையும் அணைத்துப் பூட்டி, மீட்டரால் பார்த்து, ஆவி அளக்கும் கருவியால் குழியைச் சோதித்த பின்னரே செய்யத்தக்கவை.

நிலம் விடுவோரும் கிணறு உடையோரும்

பங்க்குக்கு நிலம் விடுபவர் வாடகைத் தொகையை மாத்திரம் பேசி முடிப்பது வழக்கம். தொட்டி இரட்டைச் சுவருள்ளதா, பம்புக்குழியில் சென்சார் உண்டா, அது பம்பை நிறுத்தும்படி பிணைக்கப்படுமா என்பவற்றையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். வேலை தொடங்குமுன் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து அறிக்கையை வைத்துக்கொண்டால், குத்தகை முடிந்து நிலம் திரும்பும்போது வாதுக்கு இடமிராது. 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுப்பிய நெறிமுறைப்படி, புதிய பங்க்குகள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றினின்று 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடநெருக்கடியிருப்பின் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். வயற்கிணற்றுக்கும் அவ்வளவு தூரமேனும் விடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கிணற்றில் பெட்ரோல் வாடை வீசினாலோ, நீரின்மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தாலோ, முதலில் மோட்டாரைப் போடாதிருக்க வேண்டும். ஸ்டார்ட்டரின் பொறியே போதும். கிணற்றில் கெட்ட காற்று உண்டா என்று பார்க்க விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்குவது நமது கிணறு வெட்டுவோரின் பழைய வழக்கம். கரியமில வாயுவுக்கு அது ஒருவாறு சரி. பெட்ரோல் ஆவிக்கு அதுவே நாசம். ஆளும் இறங்கலாகாது, விளக்கும் இறங்கலாகாது. அந்நீரைக் கீரைக்கும் மாட்டுக்கும் விடாமல் நிறுத்தி, தீயணைப்பு நிலையத்திற்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும், அருகிலுள்ள பங்க்கிற்கும் ஒரே நாளில் அறிவித்தல் வேண்டும். பங்க்காரர் தமது பம்பை நிறுத்திக் குழாயைச் சோதிக்கும்வரை கசிவு பெருகிக்கொண்டேயிருக்குமாதலால் தாமதம் கூடாது.

சோதனைக்கு நீர் எடுக்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காமல், சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை, காற்றுக்குமிழி சிறிதும் நில்லாதபடி நிரப்பி இறுக மூடி, ஐஸில் வைத்து அன்றைக்கே பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். பாதி நிரப்பி வெயிலில் வைத்த பாட்டிலில் பென்சீன் ஆவியாகி மேலே நின்றுவிடும். நீர் நல்லது என்ற அறிக்கையே வரும்.